ஒரே மைக்கின் முன் இரண்டு ஜோடி ஒலிபெருக்கிகள்

ஏறத்தாழ ஒரு மாத காலம், இரண்டு ஜோடி ஒலிபெருக்கிகளை ஒரே அறையில் ஒரே மைக்கின் முன் நிறுத்தி அளந்து பார்த்தேன். ஒன்று, மேசையின் மேல் வைத்துக் கேட்பதற்கான சிறிய ஸ்டுடியோ மானிட்டர்: 5 அங்குல வூஃபர் (பேஸ் முதலிய கீழ்ச்சுருதிகளை ஒலிக்கும் கூம்பு), 1 அங்குல ட்வீட்டர் (மேல்சுருதிகளை ஒலிப்பது), பெட்டிக்குள்ளேயே இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள், ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் டிஜிட்டல் கிராஸ்ஓவர். மற்றொன்று, நண்பர் ஒருவர் மனமுவந்து இரவல் கொடுத்த, தரையில் நிற்கும் கோபுர வகை: இரண்டு 7 அங்குல வூஃபர்கள், நடுப்பகுதிக்குத் தனியாக ஒரு 5 அங்குலக் கூம்பு, 1 அங்குல ட்வீட்டர், ஒவ்வொரு பெட்டியும் 40 கிலோ எடை. விலையில் இரண்டாவது ஜோடி முதல் ஜோடியைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு. பெயர்களைக் குறிப்பிடாமல் விடுகிறேன். ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு ஜோடியைத்தான் அளந்திருக்கிறேன். ஒரு ஜோடியை வைத்து ஒரு நிறுவனத்தையே எடைபோடுவது நியாயமாகாது. இந்த இரு வடிவமைப்புகளும் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் வாங்க நினைப்பவருக்குப் பயன்படும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேர் எதிரே மைக்கை வைத்து எடுத்த ஒற்றை வளைகோட்டை மட்டும் பார்த்தால், மலிவான ஒலிபெருக்கிதான் சீரானது. அந்த ஒற்றைக் கோட்டோடு நிறுத்திக்கொண்டால், விலை உயர்ந்ததை வாங்குபவர் ஏமாந்தார் என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அது பாதி உண்மை. பக்கவாட்டில் எடுத்த கோடுகள், கீழ்ச்சுருதியின் ஆழம், சத்தத்தைக் கூட்டும்போது ஏறும் திரிபு (மூல ஒலியில் இல்லாத ஒலிகள் கலப்பது), இடப்பெட்டிக்கும் வலப்பெட்டிக்கும் உள்ள ஒற்றுமை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால்தான் அந்தப் பணம் எங்கே போயிற்று, எங்கே போகவில்லை என்பது தெரிகிறது.

அளந்த முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முறை தெரியாத வரைபடம் எதையும் நிரூபிப்பதில்லை. கணினியில் ஆர்.இ.டபிள்யூ. என்ற ஒலி அளவீட்டு மென்பொருள், தனக்கென அளவுத்திருத்தக் கோப்புடன் வரும் ஒரு யு.எஸ்.பி. அளவீட்டு மைக், 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20 கிலோஹெர்ட்ஸ் வரை வழுக்கிக்கொண்டு ஏறும் ஒரு ஒலி: கருவிகள் இவ்வளவே. சிக்கல் அறையில்தான் இருக்கிறது. ஒலிபெருக்கியிலிருந்து நேராக வரும் ஒலியோடு தரை, கூரை, சுவர் எல்லாம் திருப்பியனுப்பும் ஒலியும் மைக்கில் வந்து விழுகிறது. என் அறையின் உயரம் 3 மீட்டர். ட்வீட்டர் சரியாக 1.5 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு பெட்டியை ஏற்றி, 1 மீட்டர் தள்ளி மைக்கை அதே உயரத்தில் வைத்தால், தரையில் பட்டுத் திரும்பும் ஒலி ஏறத்தாழ 3.16 மீட்டர் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. நேரே வருவதைவிட 2.16 மீட்டர் கூடுதல். ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்வதால், எதிரொலி வந்து சேர்வதற்குள் 6.3 மில்லிநொடி கிடைக்கிறது. அந்த இடைவெளியில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டால், அறை இல்லாதது போன்ற ஓர் அளவீடு கிடைக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 6.3 மில்லிநொடிக்குள் ஒரு முழு அலைகூட அடங்காத அதிர்வெண்களைப் பற்றி அந்த அளவீட்டால் எதுவும் சொல்ல முடியாது. 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது குருடு. கோபுரத்துக்கு நிலைமை இன்னும் கடினம். அதன் நான்கு அலகுகளும், அதாவது மூன்று கூம்புகளும் ட்வீட்டரும், மேலும் கீழுமாகப் பரந்து கிடப்பதால் 1 மீட்டரில் அவற்றின் ஒலி ஒழுங்காகக் கலப்பதில்லை. 2 மீட்டர் தள்ளிப் போக வேண்டியிருந்தது. அங்கே எதிரொலிக்கு முன் கிடைக்கும் நேரம் 4.7 மில்லிநொடியாகக் குறைகிறது. ஆகவே இரண்டுக்கும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேறு வழியைக் கையாண்டேன்: ஒலிப்பொறியாளர் டான் கீல் 1974-இல் விளக்கிய அண்மைப்புல முறைப்படி, வூஃபரின் கூம்புக்கு ஒரு சென்டிமீட்டர் நெருக்கத்தில் மைக்கைக் கொண்டுபோய் அளந்து, கீழ்ச்சுருதிக்கு உதவப் பெட்டியில் திறந்துவைத்திருக்கும் காற்றுக் குழாயின் வாயிலும் தனியே அளந்து, பரப்பளவுக்கு ஏற்ப இரண்டையும் கூட்டி, பெட்டியின் முன்பலகை அகலத்தால் வரும் இழப்பையும் கணக்கில் சேர்த்து மேல்பகுதியோடு ஒட்டவைத்தேன். இந்த ஒட்டுப்போடும் இடத்தில் ஒரு டெசிபெல் அளவுக்குப் பிழை இருக்கலாம் என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மைக்கை எடுத்துவிட்டு மறுபடி வைத்து அளந்தபோது மற்ற இடங்களில் வேறுபாடு 0.3 டெசிபெலைத் தாண்டவில்லை.

பக்கவாட்டு அளவீடுதான் உடம்பை வாட்டிய வேலை. சுழலும் பலகை ஒன்றின் ஓரத்தில் பத்துப் பத்து டிகிரியாகச் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, பெட்டியை அதன் மேல் நிறுத்தி, ஒவ்வொரு கோட்டிலும் ஓர் அளவு எடுத்தேன். சின்னதை ஒற்றைக் கையால் திருப்பிவிடலாம். கோபுரத்தையோ அரை மீட்டர் உயர மேசைமேல் ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். திருப்பும்போது மூன்றாவதாக ஒருவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். படுக்கவைத்துச் செங்குத்துத் திசையிலும் முழுச் சுற்று அளக்க மனம் வரவில்லை; மைக்கை மேலும் கீழும் நகர்த்தி மூன்று கோணங்களோடு நிறுத்திக்கொண்டேன்.

இவ்வளவு கோணங்கள் எதற்கு என்று கேட்கலாம். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் பல ஆண்டுகள் நடத்திய சோதனைகளின் பயன் அது. கேட்பவருக்கு எந்தப் பெட்டி ஒலிக்கிறது என்பது தெரியாதபடி மறைத்துவைத்துக் கேட்கச் செய்து, அவர்கள் கொடுத்த மதிப்பெண்களை அளவீடுகளோடு ஒப்பிட்டு, 1985, 1986 ஆண்டுகளில் அவர் கட்டுரைகளாக வெளியிட்டார். நேர் எதிரே சமதளமாகவும், பக்கவாட்டில் திடீர் மேடுபள்ளங்கள் இன்றிச் சீராக இறங்கிச் செல்வதாகவும் உள்ள ஒலிபெருக்கிகளையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்பது அவற்றின் சாரம். 1991-இல் அவர் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்துக்குச் சென்ற பின், அங்கே ஆய்வாளர் ஷான் ஆலிவ் அந்த உறவைக் கணக்காகவே வடித்து 2004-இல் வெளியிட்டார். 70 ஒலிபெருக்கிகளில், அளவீட்டிலிருந்து கணித்த விருப்பத்துக்கும் காதால் கேட்டுச் சொன்ன விருப்பத்துக்கும் இடையிலான ஒட்டுறவு 0.86 என வந்தது (1 என்றால் முழுப் பொருத்தம்). கிடைத்திசையிலும் செங்குத்துத் திசையிலும் பத்து டிகிரிக்கு ஒன்றாக 70 அளவீடுகள் எடுக்கும் இந்த வழக்கம் பின்னர் 2013-இல் அமெரிக்க நுகர்வோர் மின்னணுத் தொழில் அமைப்பின் தரநிலையாகவும் ஆயிற்று. ஸ்பினோரமா என்று ஆர்வலர்கள் சொல்வது இதைத்தான். நான் எடுத்தது அதன் பாதிக்கும் சற்று மேல்.

இனி அளவீடுகளுக்கு வருவோம். சிறிய மானிட்டரின் நேரெதிர்க் கோடு 100 ஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை, ஸ்தாயியில் (அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளியில்) 24-இல் ஒரு பங்கு என்ற நுணுக்கத்தில் பார்த்தாலும், கூட்டியோ குறைத்தோ 2 டெசிபெலுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டே குறைகள்: 900 ஹெர்ட்ஸ் அருகே ஊசிபோல் ஒரு சிறு குத்து, 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மெல்லிய இறக்கம். கோபுரத்தின் கோடு அதே எல்லைக்குள் 3.5 டெசிபெல் வரை அலைகிறது. 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் ஆழத்தில் அகலமான ஒரு பள்ளம். 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12 வரை ஏறத்தாழ அதே அளவில் ஒரு மேடு. விற்பனைத் தாளில் இந்தப் பள்ளமும் மேடும் இல்லை. தாளில் கோடு வரைந்த விதத்தைக் கவனித்தபோது காரணம் புரிந்தது: செங்குத்து அளவு 100 டெசிபெல் நீளத்துக்கு இழுக்கப்பட்டிருக்கிறது, ஸ்தாயியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சராசரி எடுத்துக் கோட்டை இழைத்திருக்கிறார்கள். அப்படி வரைந்தால் எந்த மலையும் மேடாகும், எந்த மேடும் தரையாகும். என் வரைபடங்கள் அனைத்தையும் 50 டெசிபெல் உயரத்தில், ஒரே நுணுக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு பொருள்களை ஒப்பிடும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது கோட்டை அல்ல, ஓரத்தில் இருக்கும் எண்களை.

மலிவான பெட்டியின் சமதளம் எப்படி வாய்த்தது? டிஜிட்டல் கிராஸ்ஓவர் உள்ள பெட்டியில், வூஃபருக்கு 1.2 கிலோஹெர்ட்ஸில் ஒரு மேடு இருந்தால், வடிவமைப்பவர் அதைச் செயலியில் ஒரு வரி எண்ணால் தட்டிவிடுகிறார். அதற்குத் தனிச் செலவு இல்லை. கோபுரத்தைப் போல, வெளியே உள்ள ஆம்ப்ளிஃபயரின் மின்னை உள்வாங்கி மட்டும் இயங்கும் பாசிவ் பெட்டியில் அதே வேலைக்குச் செப்புச் சுருளும், கெபாசிட்டரும், ரெசிஸ்டரும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பணம், இடம், ஆற்றல் இழப்பு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை பெரும் ஸ்டுடியோக்களுக்கு மட்டும் கிடைத்துவந்த திருத்தம் இன்று கைக்கு எட்டும் விலையில் ஒரு சில்லுக்குள் வந்துவிட்டது. நேரெதிர்க் கோடு சீராக இருப்பதற்கும் விலைக்கும் இருந்த பழைய தொடர்பு அறுந்தது இங்கேதான்.

ஆனால் சில்லால் திருத்த முடியாத ஒன்று உண்டு. அது ஒலி எந்தெந்தத் திசையில் எவ்வளவு பரவுகிறது என்பது. அதைப் பெட்டியின் வடிவமும் கூம்பின் அளவும்தான் தீர்மானிக்கின்றன. அலைநீளம் கூம்பின் விட்டத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை ஒலி எல்லாப் பக்கமும் பரவும். அலைநீளம் விட்டத்தை நெருங்கியதும் கைவிளக்கின் ஒளிபோல் முன்பக்கம் குவியும். 5 அங்குல அலகின் இயங்கும் கூம்பு ஏறத்தாழ 10.5 சென்டிமீட்டர் விட்டம் உடையது, 3.3 கிலோஹெர்ட்ஸில் அலைநீளமும் அதே அளவுதான். கோபுரத்தின் நடு அலகு, ட்வீட்டரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் 2.8 கிலோஹெர்ட்ஸை எட்டும்போது ஏற்கெனவே குவியத் தொடங்கிவிட்டது. அதற்கு மேல் பொறுப்பேற்கும் 1 அங்குல ட்வீட்டரோ தட்டையான பலகையில் பதிந்திருப்பதால் பக்கங்களுக்கெல்லாம் தாராளமாக வீசுகிறது. விளைவை 60 டிகிரிக் கோட்டில் கண்ணால் காணலாம்: 2.5 கிலோஹெர்ட்ஸில் இறங்கிய ஒலி, 3.5 கிலோஹெர்ட்ஸில் திடீரென மேலே எழுந்து, மறுபடி இறங்குகிறது.

இப்போது நேரெதிர்க் கோட்டில் கண்ட அந்த 3 டெசிபெல் பள்ளத்துக்கு வேறொரு பொருள் கிடைக்கிறது. அது கவனக்குறைவு அல்ல என்பதே என் கணிப்பு. பக்கவாட்டில் மிகுதியாகப் பரவும் ஒலி சுவரில் பட்டுக் கேட்பவரிடம் வந்து சேரும்போது உண்டாகும் உறுத்தலை ஈடுகட்ட, வடிவமைத்தவர் நேரே செல்லும் ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறார். நேரில் பள்ளம், பக்கத்தில் மேடு. அறையில் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் ஓரளவு சமன். திறமையான சமரசம்தான். என்றாலும் இதை ஈக்வலைசரால் (அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியால்) குணப்படுத்த வழியில்லை என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். பள்ளத்தை நிரப்பினால் பக்கத்து மேடு இன்னும் உயரும். மேட்டைச் செதுக்கினால் பள்ளம் இன்னும் ஆழமாகும். எண்களால் தொடமுடியாத தவறு, மரத்தில் செதுக்கப்பட்ட தவறு.

மலிவான மானிட்டரில் ட்வீட்டர் ஒரு ஆழமற்ற புனல் போன்ற குழிவுக்குள், ஆர்வலர்கள் வேவ்கைடு என்று சொல்லும் அமைப்புக்குள், உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழிவு ட்வீட்டரின் பரவலைக் கீழ்ப்பகுதியில் கொஞ்சம் குவித்து, வூஃபர் விடும் இடத்தில் அதே அகலத்தோடு எடுத்துக்கொள்ளச் செய்கிறது. 10, 20, 30 என்று 60 டிகிரிவரை எடுத்த கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், ஒழுங்காக மடித்து அடுக்கிய துணிபோல் ஒன்றன்கீழ் ஒன்று இறங்குகின்றன. வார்ப்பில் உருவாகும் ஒரு பிளாஸ்டிக் வடிவம் இது. அச்சு செய்யப் பணம் ஆகும். அச்சு வந்த பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. கேட்கும் இடத்தில் சற்று விலகி உட்கார்ந்தாலும் குரலின் நிறம் மாறாதது இதனால்தான். இந்த மாதம் முழுவதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்த வரைபடம் அதுதான்.

செங்குத்துத் திசையில் இரண்டுமே சறுக்குகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக அலகுகளை அடுக்கும் எந்தப் பெட்டியிலும் கிராஸ்ஓவர் அருகே மேலும் கீழும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காது ட்வீட்டர் உயரத்தில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

அந்த 900 ஹெர்ட்ஸ் குத்தைத் துரத்திய கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. நேரெதிர்க் கோட்டில் அது ஒன்றரை டெசிபெல்தான். காற்றுக் குழாயின் வாய்க்கு மைக்கைக் கொண்டுபோனபோதுதான் அது அங்கே ஊதிக்கொண்டிருப்பது தெரிந்தது. குழாயின் நீளத்தை அளந்தேன்: 16 சென்டிமீட்டர். இரு முனையும் திறந்த குழாயில் முனைகளுக்கு வெளியே சிறிது காற்றும் சேர்ந்து அதிர்வதால் பயனுறு நீளம் 19 சென்டிமீட்டர் எனக் கொண்டால், அரை அலை அடங்கும் அதிர்வெண் 903 ஹெர்ட்ஸ். புல்லாங்குழல் ஒலிப்பதும் இதே கணக்கில்தான். கீழ்ச்சுருதிக்கு உதவ வைத்த குழாய், பெட்டிக்குள் சுற்றும் நடுப்பகுதி ஒலியை எடுத்து ஒரு சுரமாக வெளியே ஊதுகிறது. கோபுரத்தின் நடு அலகுக்குத் தனி அறை இருப்பதால் அதன் குழாயில் இந்தக் கசிவு ஏறத்தாழ இல்லை. பணம் சென்ற இடங்களில் இது ஒன்று.

இன்னொன்று பெட்டி. கோபுரத்தின் பக்கப் பலகையில் கையை வைத்துக்கொண்டு சத்தத்தை ஏற்றினேன்; விரல் நுனியில் சிறு கூச்சம்கூட இல்லை. சின்னதன் பக்கம் 300 ஹெர்ட்ஸ் அருகே தெளிவாக அதிர்ந்தது. காலப்போக்கில் ஒலி எப்படி அடங்குகிறது என்று காட்டும் அருவி வரைபடத்திலும் அந்த இடத்தில் ஒரு வால் நீள்கிறது. ஒத்ததிர்வு அகலமாக இருந்தால் சிறிய அளவிலும் காதில் படும், ஊசிபோல் ஒடுங்கியிருந்தால் பெரிதாக இருந்தால்தான் படும் என்பது டூலின் கண்டுபிடிப்புகளுள் ஒன்று. இது ஒடுங்கியது, பேச்சுக்குரலில் என்னால் அதைப் பிரித்தறிய முடியவில்லை.

கீழ்ச்சுருதிக்கு வந்தால் போட்டியே இல்லை. மலிவானது 45 ஹெர்ட்ஸ்வரை நின்று பின் செங்குத்தாக விழுகிறது. கோபுரம் 30 ஹெர்ட்ஸிலும் நிற்கிறது. மிருதங்கத்தின் இடந்தலையைத் தட்டும் ஒரு பதிவை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். சின்னதில் தட்டுவது கேட்கிறது. பெரியதில் தட்டிய பிறகு தோல் விம்மி அடங்குவதும் கேட்கிறது. ஆலிவின் கணக்கில் விருப்ப மதிப்பெண்ணில் ஏறத்தாழ 30 சதவீதம் கீழ்ச்சுருதியைச் சார்ந்தது என்பதை இந்த ஒரு பதிவே எனக்கு விளங்கவைத்தது. ஆனால் ஆழமான கீழ்ச்சுருதி அறைக்குள் தனியாக வருவதில்லை. என் அறையின் நீளம் 6 மீட்டர். அதன் முதல் ஒத்ததிர்வு 28.6 ஹெர்ட்ஸில் விழுகிறது. பின்சுவரை ஒட்டிய இருக்கையில் கோபுரம் அந்த இடத்தில் 8 டெசிபெல் வீங்கியது. திருத்தாமல் கேட்டால் அரைமணி நேரத்தில் தலை கனக்கிறது. அவ்வளவு கீழே போகாத சிறியது அந்த வீக்கத்தைப் பெரிதாகத் தூண்டவே இல்லை. 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாம் கேட்பது பெரும்பாலும் அறையைத்தான். ஆழமான ஒலிபெருக்கி வாங்குபவர் அறைத் திருத்தத்துக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

சத்தத்தைக் கூட்டியபோதுதான் முப்பது மடங்கு விலையின் முழுப் பொருள் புரிந்தது. 1 மீட்டரில் 86 டெசிபெல் என்ற மிதமான அளவில், 100 ஹெர்ட்ஸுக்கு மேல் இரண்டின் திரிபும் 1 சதவீதத்துக்குக் கீழேதான். 60 ஹெர்ட்ஸில் சிறியது 3 சதவீதத்தைத் தொட்டது. 96 டெசிபெலுக்கு ஏற்றினேன். கோபுரம் 50 ஹெர்ட்ஸில் 1.5 சதவீதத்தோடு அசையாமல் நின்றது. சிறியதில் அதே இடத்தில் திரிபு 10 சதவீதத்தைத் தாண்டியது. அதன் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று குறுக்கிட்டு ஒலியை 4 டெசிபெல் குறைத்தது. குழாயின் வாயில் காற்று சீறுவது இரண்டு மீட்டர் தள்ளி நின்றும் கேட்டது. இது செய்திறனின் குறை அல்ல, இயற்பியல். அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே கொடுக்கக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். இரண்டு 7 அங்குலக் கூம்புகளுக்கு ஒரு 5 அங்குலக் கூம்பைப் போல மூன்று முதல் நான்கு மடங்கு பரப்பு உண்டு. ஆகவே அவை மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கு அசைந்தாலே போதும்.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. செப்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுகிறது. கூம்பை அசைக்கும் செப்புச் சுருளான வாய்ஸ் காயில் 100 டிகிரி சூடேறினால் தடை 40 சதவீதம் உயர்ந்து, அதே மின்னழுத்தத்துக்கு ஒலி ஏறத்தாழ 3 டெசிபெல் குறைகிறது. பெரிய காயிலும் கனத்த காந்தமும் சூட்டைத் தாங்கிக் கடத்துகின்றன. சின்னதற்கு அந்த வசதி இல்லை. இசையின் சராசரி 75 டெசிபெலில் இருக்கும்போதே அதன் உச்சங்கள் 95-ஐத் தொடக்கூடும். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து அந்த உச்சங்களைச் சிதையாமல் கேட்க விரும்புபவருக்கு மேசை மானிட்டர் போதாது. ஒரு மீட்டரில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது தாராளம்.

இடமும் வலமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் பலர் அளப்பதே இல்லை. நடுவில் நிற்பதுபோல் கேட்க வேண்டிய பாடகர் ஒரு பக்கம் சாய்ந்து கேட்பதற்கு இந்த வேறுபாடே பெரும்பாலும் காரணம். கோபுர ஜோடி 200 ஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ்வரை 0.4 டெசிபெலுக்குள் ஒத்துப்போயிற்று. அலகுகளைத் தேர்ந்து இணைசேர்த்திருக்கிறார்கள் என்பது தெளிவு. மலிவான ஜோடியில் 2 கிலோஹெர்ட்ஸ் அருகே 1.2 டெசிபெல் வேறுபாடு இருந்தது.

கோபுரத்தின் மீது எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. அதன் முதுகில், ஆம்ப்ளிஃபயருக்கு அது காட்டும் மின்தடை 8 ஓம் என்று எழுதியிருக்கிறது. அளந்தால் 110 ஹெர்ட்ஸில் 3.2 ஓம்வரை இறங்குகிறது. உணர்திறனை, அதாவது கொடுத்த மின்னுக்கு எவ்வளவு சத்தம் என்பதை, 2.83 வோல்ட் கொடுத்து அளப்பது வழக்கம். 8 ஓம் சுமையில் அது 1 வாட், 4 ஓமில் 2 வாட். ஆக, தாளில் காணும் உணர்திறனில் 3 டெசிபெல் ஆம்ப்ளிஃபயரின் தோளில் ஏற்றப்பட்ட சுமை. முதலில் நான் இணைத்த சிறிய ஆம்ப்ளிஃபயர் இந்தச் சுமையைத் தாங்காமல் பாதியில் அணைந்துவிட்டது. மலிவானதிலோ ஆம்ப்ளிஃபயர் விலைக்குள்ளேயே அடக்கம். பாட்டு இல்லாதபோது ட்வீட்டருக்கு ஒரு முழம் தூரத்தில் மெல்லிய இரைச்சல் கேட்கும் என்பது அதற்குக் கொடுக்கும் சிறு விலை.

கடைசியாகக் காது. 1994-இல் டூலும் ஆலிவும் ஒரே ஒலிபெருக்கிகளை ஒரே ஆட்களுக்குக் கண்ணுக்குத் தெரியும்படியும் தெரியாதபடியும் ஒலிக்கச் செய்து, பெட்டியைப் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறிவிடுவதைக் காட்டினார்கள். அதை நினைவில் வைத்து, ஒலியைத் தடுக்காத மெல்லிய துணிக்குப் பின்னால் இரண்டு வகையிலும் ஒவ்வொரு பெட்டியை மட்டும் நிறுத்தினேன். சத்தத்தை அரை டெசிபெலுக்குள் சமன்செய்தேன். கீழ்ச்சுருதி காட்டிக்கொடுக்காமல் இருக்க இரண்டிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். மிதமான சத்தத்தில் மூன்று பேர் தனித்தனியே கேட்டார்கள். இருவர் பெண்குரலிலும் வீணையிலும் மலிவானதையே இயல்பானது என்றார்கள். மூன்றாமவர் விலை உயர்ந்ததில் மேல்சுருதி பளிச்சென்று இருக்கிறது என்று அதைத் தேர்ந்தார். 8 கிலோஹெர்ட்ஸ் மேட்டைத்தான் அவர் விரும்பினார் போலும். வெட்டை நீக்கி முழு ஒலியையும் விட்டபோது மூவரும் ஒரே குரலாகக் கோபுரத்தின் பக்கம் சாய்ந்தார்கள். மூன்று பேரை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது. ஆனால் வரைபடங்கள் எந்த இடங்களில் வேறுபட்டனவோ அதே இடங்களில்தான் காதுகளும் வேறுபட்டன.

ஆகவே என் பரிந்துரை அறையையும் தூரத்தையும் பொறுத்தது. பெரிய அறையில், தள்ளி உட்கார்ந்து, உரக்கக் கேட்பவருக்குக் கோபுரத்தின் கூம்புப் பரப்பும், அசையாத பெட்டியும், சத்தத்திலும் சிதையாத தன்மையும் உண்மையான பயன் தருபவை. ஆனால் அந்த விலைக்கு 3 கிலோஹெர்ட்ஸ் அருகே பரவலைச் சரியாகக் கையாளும் வேறு வடிவமைப்பையும் தேடிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் குறையைப் போக்கும் குழிவு பெரிய செலவுள்ள பொருளல்ல என்பதை மலிவான பெட்டியே காட்டிவிட்டது. சிறிய அறையில் அருகில் உட்கார்ந்து கேட்பவர் மலிவானதை எந்தத் தயக்கமும் இன்றி வாங்கலாம்.

கோபுரங்களைத் திருப்பிக் கொடுத்த பிறகு, சின்னதோடு, கீழ்ச்சுருதியை மட்டும் ஒலிக்கும் தனிப் பெட்டியான ஒரு சப்வூஃபரைச் சேர்த்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான பொறுப்பை அதனிடம் ஒப்படைத்து 96 டெசிபெல் சோதனையை மறுபடி ஓட்டினேன். பாதுகாப்புச் சுற்று ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. கீழ்ச்சுருதிக்கு இனிக் காற்றுக் குழாய் தேவையில்லை என்பதால் அதன் வாயில் ஒரு பஞ்சுருளையை அடைத்துவிட்டு மைக்கை நேர் எதிரே வைத்தேன். 900 ஹெர்ட்ஸில் இருந்த குத்து வரைபடத்தில் இல்லை.